கையால் செய்த பூல் க்யூவுக்கு ஏன் இவ்வளவு மவுசு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் என்று எங்கே போனாலும் பூல் மேசை கண்ணில் படும். மதுக்கடையில் காசு போட்டு ஆடும் மேசை, கிளப்பில் ஒன்று, யாரோ ஒரு மாமாவின் கராஜில் கார் நிற்க வேண்டிய இடத்தில் ஒன்று. ஆடுகிற பிள்ளைகள் இணையத்தில் ஏதோ ஓர் அமெரிக்க க்யூவின், அதாவது பந்தை அடிக்கும் கோலின், விலையைப் பார்த்து, ரேண்டுக்கு மாற்றிக் கணக்குப் போட்டு, தலைசுற்றிப் போய் வந்து கேட்கும் கேள்விகள் இவை. பெரியவர்கள் கேட்டதும் இரண்டு மூன்று உண்டு.

ஒரு மரக்குச்சிக்கு இவ்வளவு விலையா? உண்மையிலேயே யாராவது கொடுக்கிறார்களா?

கொடுக்கிறார்கள். பெயர்பெற்ற பழைய அமெரிக்கக் கைவினைஞர்களின் க்யூக்கள் பல்லாயிரம் டாலருக்குக் கைமாறுகின்றன. அந்த விலைக்குள் மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. செய்தவர் மரம் பார்த்த கண், அவர் செலவழித்த காலம், இனி அவர் செய்யப்போவதில்லை என்ற நிலைமை. முதல் இரண்டும் க்யூவை நல்ல க்யூவாக்குகின்றன. மூன்றாவது அதன் விலையை ஏற்றுகிறது. தரத்தையும் விலையையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ‘இது வீண் பணம்’, ‘இல்லை, தங்கம்’ என்ற சண்டை ஓய்வதே இல்லை.

‘கையால் செய்தது’ என்றால் இயந்திரமே கிடையாதா?

அப்படி இல்லை. கடைசல் இயந்திரம் இல்லாமல் க்யூ செய்ய முடியாது. இன்று பெயருள்ள பல பட்டறைகளில் கணினி சொல்படி வெட்டும் சி.என்.சி. இயந்திரமும் இருக்கிறது. ஒருவரோ இரண்டு மூன்று பேரோ உள்ள சிறிய பட்டறையில், ஒவ்வொரு கட்டையையும் ஒரு மனிதர் எடுத்துப் பார்த்து, தட்டிப் பார்த்து, ‘இது வேண்டும், இது வேண்டாம்’ என்று முடிவு செய்திருந்தால் அதைக் கைவேலை என்கிறார்கள். தொழிற்சாலையில் அந்த முடிவை எடுக்க ஆளுக்கு நேரம் கிடையாது.

பலபுஷ்கா, பலபுஷ்கா என்கிறார்களே, யார் அவர்?

ஜார்ஜ் பலபுஷ்கா. 1912-இல் ரஷ்யாவில் பிறந்து, 1924-இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்கு வந்தவர். நியூயார்க்கில் மரவேலை செய்து பிழைத்தார். குழந்தைகளுக்கான மரப்பொம்மைகள் செய்யும் இடத்திலும் வேலை பார்த்திருக்கிறார். 1959-இல் புரூக்ளினில் கூட்டாளி ஒருவரோடு ஒரு பூல் அரங்கை எடுத்து நடத்தினார். அங்கே வந்த க்யூக்களைப் பழுது பார்க்கப் போய், நண்பர்களுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகச் சில க்யூக்கள் செய்து கொடுக்க, ஆட்டக்காரர்கள் தேடி வர ஆரம்பித்துவிட்டார்கள். 1975-இல் இறந்தார். ஏறக்குறைய 16 ஆண்டு வேலை. மொத்தம் ஆயிரத்துச் சொச்சம் க்யூக்கள் இருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு.

பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அவருடைய க்யூக்களில் பெரும்பகுதிக்கு அடிப்படையான கட்டை அவர் கோத்ததே இல்லை. முனைகள் கோத்த கட்டையை (இரு மரங்களைக் கூர்ப்பற்களாக ஒன்றுக்குள் ஒன்று செருகி ஒட்டியது) முதலில் பிரன்ஸ்விக் நிறுவனத்தின் ‘டைட்லிஸ்ட்’ க்யூக்களிலிருந்து எடுத்தார். அவை அரங்குகளில் சுவரோரம் சாய்ந்து நிற்கும் ஒற்றைத்துண்டுக் க்யூக்கள். பிறகு பர்ட்டன் ஸ்பெயின் என்பவரிடமும், கடைசி ஆண்டுகளில் கஸ் சம்போட்டியிடமும் வாங்கினார். அப்படியானால் அவர் செய்தது என்ன? அந்தக் கட்டையைச் சரியான கனத்துக்குக் கடைந்து, இரண்டாகப் பிரித்து, ஸ்டீல் மூட்டு வைத்து, நல்ல மேப்பிளில் முன்தண்டு செய்து, அடிப்பகுதியையும் வளையங்களையும் பொருத்தி, எடையைச் சமன் செய்து முடித்ததுதான். அரங்கு அரங்காகக் கிடந்த அதே கட்டையை வைத்து அந்தக் காலத்தில் வேறு பலரும் க்யூ செய்தார்கள். பெயர் நின்றது இவருக்கு. அவருடைய தேர்வும் பொருத்தமும் அப்படி.

சினிமாவில் வந்ததால்தான் புகழ் என்கிறார்களே?

பாதி உண்மை. பால் நியூமனும் டாம் குரூஸும் நடித்து 1986-இல் வந்த ஹாலிவுட் படத்தில் பலபுஷ்காவின் பெயர் சொல்லி ஒரு க்யூ வருகிறது. அதற்குப் பிறகு பூல் ஆடாதவனுக்கும் அந்தப் பெயர் தெரிந்தது; விலையும் தாறுமாறாக ஏறியது. படத்தில் கையில் இருப்பது பலபுஷ்கா அல்ல என்பதுதான் வேடிக்கை. ஜாஸ் என்ற வேறொரு பட்டறையின் க்யூ அது. அடித்து ஆடும் காட்சிக்கு உண்மையான ஒன்றைக் கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும்? ஆனால் படம் வருவதற்கு முன்பே, நியூயார்க் பக்கத்து ஆட்டக்காரர்கள் அவருடைய க்யூவைத் தேடிப் போய் வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

வேறு யார் யார் பெயர்கள் தெரிந்திருக்க வேண்டும்?

அவருக்கு முந்திய தலைமுறையில் சிகாகோவின் ஹெர்மன் ராம்போ. பில்லியர்ட்ஸ் மேதை வில்லி ஹாப்பிக்கு க்யூ செய்து கொடுத்தவர். கழற்றி மாட்டும் இரண்டு துண்டு க்யூ பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு. பென்சில்வேனியாவின் கஸ் சம்போட்டி 1988-இல் மறைந்தார். மகன் பேரி தொழிலைத் தொடர்ந்தார். லாஸ் வேகாஸில் ஜெர்ரி ஃபிராங்க்ளின் தொடங்கிய சவுத்வெஸ்ட் பட்டறையை, 1996-இல் அவர் போன பிறகு மனைவி லாரி நடத்தினார். அங்கே ஆர்டர் கொடுத்தவர்கள் பல வருடங்கள் காத்திருந்து வாங்கினார்கள். வரிசையில் நிற்கப் பொறுமை இல்லாதவர், ஏற்கெனவே வாங்கியவரிடம் புது விலையை விடக் கூடுதலாகக் கொடுத்து எடுத்துக்கொள்வார். செய்தவர் சொன்ன விலையை விடச் சந்தை விலை மேலே போவதற்கு இதுவும் ஒரு வழி.

ஸ்நூக்கர் பக்கம் வந்தால் லண்டனின் ஜான் பாரிஸ். ரானி ஓ’சல்லிவன் ஆடிய க்யூக்கள் அங்கே செய்தவை. நம் ஊரில் ஸ்நூக்கர் ஆடும் பெரியவர்களுக்குப் பலபுஷ்காவைத் தெரியாவிட்டாலும் பாரிஸைத் தெரியும்.

ஒரு க்யூ செய்ய ஏன் மாதக்கணக்கில், சிலரிடம் வருடக்கணக்கில் ஆகிறது?

மரம் வளைவதை நிறுத்தும்வரை காத்திருக்க வேண்டும். மற்றபடி எல்லாம் சில நாள் வேலைதான்.

அமெரிக்க பூல் க்யூவின் முன்தண்டு கெட்டியான மேப்பிள் மரத்தில் வருகிறது. பலகையிலிருந்து சதுரக் குச்சியாக அறுத்து, தேவைக்கு மேல் தடிமனாக உருட்டி, தொங்கவிடுகிறார்கள். சில வாரமோ சில மாதமோ கழித்து மெலிதாக ஒரு சீவல். மறுபடி தொங்கல். மறுபடி ஒரு சீவல். ஒவ்வொரு முறை மேல்தோல் போகும்போதும் உள்ளே அடைபட்டிருந்த இறுக்கம் தளர்ந்து கட்டை அசைந்து கொடுக்கும். சில கட்டைகள் வளைந்துவிடும், அவை அடுப்புக்கு. அவசரப்பட்டு ஒரே மூச்சில் 13 மில்லிமீட்டருக்குக் கடைந்துவிட்டால், அந்த வளைவு வாங்கினவர் வீட்டில் வரும். தொழிற்சாலை க்யூ ஆறே மாதத்தில் மேசைமேல் உருட்டினால் தள்ளாடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மரத்தில் வேறு என்ன பார்க்கிறார்கள்? ரேகை தண்டின் நீளத்துக்கு நேராக ஓட வேண்டும், பக்கவாட்டில் வெளியேறக் கூடாது. வருட வளையங்கள் நெருக்கமாக இருக்க வேண்டும். மெதுவாக வளர்ந்த பழைய காட்டு மரம் என்றால் இன்னும் விசேஷம். அதற்காக, நூறு வருடத்துக்கு முன் மரம் மிதக்கவிட்டபோது சுப்பீரியர் ஏரியில் மூழ்கிப்போன கட்டைகளைத் தூக்கி எடுத்து அறுத்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

பின்பகுதிக்கு வேறு தொல்லை. அழகான மரம் எல்லாம் முரட்டு மரம். கணுவும் சுழியுமாக இருக்கும் கட்டைதான் கண்ணைப் பறிக்கும். ஆனால் ஈரம் ஏற இறங்க அதுதான் முதலில் முறுக்கிக்கொள்ளும். அதனால் நடுவில் நீளத் துளை போட்டு, நேரான மேப்பிள் தண்டு ஒன்றை உள்ளே ஒட்டி, வெளியே மட்டும் அழகு மரம் இருக்கும்படி செய்கிறார்கள். வெளிப்பார்வைக்கு இது தெரியவே தெரியாது.

கைப்பிடிக்கு மேலே கூர்கூராக முனைகள் தெரிகின்றனவே, அது வெறும் அலங்காரமா?

ஆரம்பத்தில் அலங்காரம் இல்லை. முன்பக்கம் லேசான மேப்பிள், பின்பக்கம் கனமான மரம். இரண்டையும் நேருக்கு நேர் ஒட்டினால் தெறித்துவிடும். இரண்டு கை விரல்களையும் கோத்துக்கொள்வது போல, இரு மரத்தையும் நீளமான கூர்ப்பற்களாக அறுத்து ஒன்றுக்குள் ஒன்று செருகி ஒட்டினார்கள். இதுதான் முழுக்கோப்பு. டைட்லிஸ்ட் க்யூக்கள் இந்த வகை. ஒரு வெட்டு தப்பினாலும் முனைகள் ஏறக்குறையாக நிற்கும், மறைக்க வழியில்லை. இன்னொரு முறையில் மேப்பிளில் ‘வி’ வடிவப் பள்ளம் வெட்டி, அதில் வேறு மரத் துண்டை ஒட்டிக் கடைகிறார்கள். அதை அரைக்கோப்பு எனலாம். இடையிடையே வண்ண வண்ணமாக மெல்லிய மரத்தாள்களும் வைப்பார்கள். நான்கு முனையும் ஒரே உயரத்தில், ஊசி போல முடிந்திருந்தால் செய்தவர் கை தெரிந்தவர்.

சிப்பி, வெள்ளி பதித்த வேலையில் மூலைகளைப் பாருங்கள். சுழலும் வெட்டுக்கருவி உள்மூலையைச் சற்று உருண்டையாகத்தான் விடும். கூர்மையான மூலை வேண்டுமென்றால் யாரோ உட்கார்ந்து உளியால் செதுக்கியிருக்க வேண்டும். மலிவுச் சரக்கில் முனைகளே ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். நகத்தால் தடவினால் தெரியும்.

இந்தக் க்யூக்களில் நம் நாட்டு மரம் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் முதல் வரிசையில். பிங்க் ஐவரி என்று உலகம் முழுக்கக் க்யூ செய்பவர்கள் ஏங்கும் மரம் தெற்கு ஆப்பிரிக்கப் பகுதியில் வளர்வது. ஆஃப்ரிகான்ஸில் ரூயி-ஐவோர். நம் குவாசூலு-நட்டாலின் வடக்குப் பக்கம், ம்புமலாங்கா, லிம்போப்போ, எல்லை தாண்டி ஜிம்பாப்வே, மொசாம்பிக் என்று காடுகளில் நிற்கிறது. வெளிமரம் வெளிறியிருக்கும்; உள்ளே வைரம் பாய்ந்த பகுதிதான் இளஞ்சிவப்பு. கனம் என்றால் அப்படி ஒரு கனம், ஏறக்குறைய தண்ணீரின் எடை. மரம் பெருத்து வளர்வதில்லை, கோணல்மாணலாக இருக்கும், காயும்போது வெடிக்கும். நீளமாக, நேராக, நிறம் சீராக ஒரு கட்டை கிடைப்பது அபூர்வம். அதனால்தான் அதன் விலை.

வாங்குகிறவர்கள் கேட்காமல் விட்டுவிடும் ஒன்று: அந்த ரோஸ் நிறம் வெளிச்சத்தில் மெல்ல மங்கிப் பழுப்பாகும். புதிதில் எடுத்த படத்தை வைத்துப் பழைய க்யூவுக்கு விலை பேசாதீர்கள்.

நம் மாகாணத்து மரம் கடல் தாண்டிப் போய், டாலர் விலையில் க்யூவாகத் திரும்பி வருவதைப் பார்க்க எனக்கு எரிச்சல்தான். இங்கேயும் கடைசல் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. கப்பல் ஏறி வந்த காலத்திலிருந்தே நம்மவர்களில் தச்சர்கள் இருந்திருக்கிறார்கள். க்யூவுக்கு என்று காத்திருந்து மரம் பதப்படுத்த முதல் போடுவதுதான் கஷ்டம்.

மற்றபடி கருங்காலி, ஈட்டி மர வகைகள், மெக்சிகோ பக்கத்துக் கோக்கோபோலோ ஆகியவை அதிகம். ஸ்நூக்கர் க்யூ என்றால் ஆஷ் மரத்தண்டும் கருங்காலிப் பின்பகுதியும்.

பழைய க்யூக்களில் யானைத் தந்தம் இருக்குமாமே? வாங்கலாமா?

இருக்கும். பந்தை அடிக்கும் முனைக்குக் கீழே உள்ள வெள்ளை வளையம், மூட்டு, பதிப்பு வேலை எல்லாவற்றிலும் தந்தம் வைத்தார்கள். சர்வதேச வணிகத்தைத் தடுக்கும் முடிவு 1989-இல் வந்தது. அமெரிக்கா 2016-இல் ஆப்பிரிக்கத் தந்த வணிகத்துக்குக் கிட்டத்தட்ட முழுத் தடை போட்டது. பிரேசில் நாட்டு ஈட்டி மரமும் 1992 முதல், சர்வதேச வணிகம் தடுக்கப்பட்ட அதே கண்டிப்பான பட்டியலில் இருக்கிறது. மற்ற ஈட்டி வகைகள் 2017-இல் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. அவற்றில் செய்து முடித்த சிறிய பொருட்களுக்கு இப்போது சலுகை உண்டு.

என் பதில்: தந்தம் உள்ள க்யூவை எல்லை தாண்டி வாங்காதீர்கள், விற்காதீர்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் விமான நிலையத்தில் பிடித்தால் க்யூவும் போகும், வழக்கும் வரும். யானை இருக்கும் நாட்டில் இருந்துகொண்டு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

விலை உயர்ந்த க்யூ வாங்கினால் என் ஆட்டம் ஏறுமா?

கொஞ்சம். நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை.

ஸ்டீஃபன் ஹென்ட்ரி ஸ்நூக்கரில் 7 உலகப் பட்டம் வென்றது சிறுவயதில் வாங்கிய ஒரு மலிவான கடைக் க்யூவில். 2003-இல் விமானப் பயணத்தில் அது உடைந்தது. அதற்குப் பிறகு எட்டாவது பட்டம் வரவில்லை. க்யூ போனதால்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கைக்குப் பழகிய குச்சிக்கு என்ன மதிப்பு என்று அவரைக் கேட்டால் சொல்வார்.

நல்ல க்யூ கொடுப்பது என்னவென்றால், இன்று அடித்த மாதிரியே நாளையும் அடிக்கும். நேராக இருக்கும், எடை கையில் சரியாக உட்காரும், மூட்டில் கடகடப்பு இருக்காது. ‘ஹிட்’ என்று நம் பையன்கள் சொல்லும் அந்த உணர்வு உண்மையானதுதான். ஆனால் முனை பந்தைத் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு. அந்த அதிர்வு உங்கள் கைக்கு வருமுன் பந்து போய்விட்டது. ஆக அந்த உணர்வால் அடித்த அடியை மாற்ற முடியாது. அடுத்த அடிக்கு நம்பிக்கை தரும், அவ்வளவுதான். அதுவும் சும்மா இல்லை.

கார்பன் ஃபைபர் தண்டு வந்த பிறகும் மரத்துக்கு மதிப்பா?

ஆட்டத்துக்கு என்றால் கார்பனுக்கு என் ஓட்டு. பந்தின் பக்கவாட்டில் அடிக்கும்போது வெள்ளைப் பந்து குறியைவிட்டு எதிர்ப்பக்கம் சற்று விலகும். தண்டின் முன்நுனி எவ்வளவு கனமோ அவ்வளவு விலகல். 1990-களில் பிரிடேட்டர் நிறுவனம் நுனியை லேசாக்கி மரத்தண்டு விற்க ஆரம்பித்தது. 2016-இல் அவர்களே கார்பன் தண்டையும் கொண்டுவந்தார்கள். வளையாது, ஈரம் குடிக்காது. இப்போது பலர் பழைய கைவேலைப் பின்பகுதியில் கார்பன் தண்டை மாட்டி ஆடுகிறார்கள். சேகரிப்பவர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். அசல் தண்டைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால் போதும், விற்கும்போது அது கேட்கப்படும்.

நம் மதுக்கடை மேசைக்கு அமெரிக்க க்யூ ஒத்துவருமா?

வராது. இங்கே பிளாக்பால் ஆடும் சின்ன மேசைகளில் பந்து சுமார் 51 மில்லிமீட்டர். அமெரிக்கப் பந்து 57. சின்னப் பந்துக்கு 8, 9 மில்லிமீட்டர் முனையுள்ள ஆஷ் க்யூதான் வசதி. 13 மில்லிமீட்டர் முனையோடு போனால் எங்கே அடிக்கிறோம் என்பதே தெரியாது.

டர்பன் ஈரத்தில் நல்ல க்யூ தாங்குமா?

தாங்கும், நிலையாக வைத்தால். ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) 1,700 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் ஊர். குளிர்காலத்தில் உதடு வெடிக்கும் வறட்சி. அங்கிருந்து ஜனவரியில் டர்பனுக்கு ஒரு க்யூவைக் கொண்டுவந்தால் மரம் ஈரம் குடித்து உப்பும். போட்டிக்குப் போகிறவர்கள் ஒரு நாள் முன்பே போய், பையைத் திறந்து அறையில் வைத்துவிடுவது நல்லது. பாக்கி வண்டியின் (பிக்-அப்) பின்னால் வெயிலில் விட்டுவிட்டுப் போவதுதான் க்யூவைக் கொல்லும் முதல் வழி. இரண்டாவது, சுவரில் சாய்த்து வைப்பது.

போலிகள் அதிகமா? எப்படிக் கண்டுபிடிப்பது?

அதிகம். பலபுஷ்கா விஷயத்தில் அதற்குக் காரணமே மேலே சொன்னதுதான். அதே டைட்லிஸ்ட் கட்டை பழைய சந்தையில் இன்னும் கிடைக்கிறது. அவருடைய முத்திரையோ கையெழுத்தோ இல்லாத அசல் க்யூக்களும் உண்டு. எனவே அந்தக் கால வளையமும் அந்தக் கால மூட்டும் போட்டு ஒன்றைத் தயாரித்து, ‘கையெழுத்து இல்லாத பலபுஷ்கா’ என்று சொல்லிவிடலாம். போதாததற்கு, அவர் பெயரிலேயே உரிமம் வாங்கிச் செய்த நகல்களும் முறையாக விற்பனைக்கு வந்தன. அவை போலி இல்லை, ஆனால் அசலும் இல்லை.

அதனால் அனுபவசாலிகள் க்யூவை வாங்குமுன் அதன் வரலாற்றை வாங்குகிறார்கள்: முதலில் யார் வாங்கினார், யாரிடமிருந்து யாருக்குப் போனது, ரசீதோ பழைய புகைப்படமோ உண்டா, தெரிந்த மதிப்பீட்டாளர் எழுதிக் கொடுத்தாரா. இதில் எதுவும் இல்லாமல், ‘தெரிந்த ஆள், அவசரமாக விற்கிறார்’ என்று வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

தாத்தாவின் பழைய க்யூ ஒன்று வீட்டில் இருக்கிறது. விலை போகுமா?

இந்தப் பக்கத்து வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் ஒற்றைத்துண்டு ஆங்கிலேய பில்லியர்ட்ஸ் க்யூக்கள். பின்பகுதியில் பழைய வீரர் ஒருவரின் பெயர் பொறித்த சின்னத் தகடு இருந்தால், அதையும் நுனியையும் முனைகளையும் தெளிவாகப் படம் எடுத்து, விற்பவர் அல்லாத ஒருவரிடம் காட்டுங்கள். பர்ரோஸ் அண்ட் வாட்ஸ், தர்ஸ்டன், ரைலி போன்ற தயாரிப்பாளர் பெயர் இருந்தால் சேகரிப்பவர் யாராவது கேட்பார். பெரிய பணம் வரும் என்று வீடு கட்டக் கணக்குப் போட வேண்டாம். அமெரிக்கக் கைவேலை க்யூவின் சந்தை வேறு, இது வேறு.

ஒன்றே ஒன்று: காட்டுவதற்கு முன் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புது வார்னிஷ் அடித்துவிடாதீர்கள். பழைய பூச்சு, கை பட்டுக் கறுத்த இடம், தகட்டின் மங்கல் எல்லாம் வயதுக்குச் சாட்சி. தேய்த்துவிட்டால் அது பளபளப்பான குச்சி, அவ்வளவுதான். தூசி இருந்தால் உலர்ந்த துணி போதும்.